பதினோராவது படத்துக்கு நான் செய்தது

மரியே வாழ்க!

திண்டுக்கல்
30.3.2025, ஞாயிறு

அன்பு மகன் ரொனால்டுக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அம்மாவும் இங்கே எழுந்து நடமாடி மூன்று வேளையும் சாப்பிட்டு இருக்கிறோம், நீயும் புனேயில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உன்னைச் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், எண்ணெய் தேய்த்தால் குறைகிறது, கோயில் படி ஏறினால் திரும்பி வந்துவிடுகிறது. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. லிடியா அக்கா சின்னாளபட்டியிலிருந்து பிள்ளைகளோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்படியிலிருந்து நடுவில் நடுவில் பேசுவாள், நான் சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிடும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். ஏன் என்று படிக்கப் படிக்கத் தெரியும். அதனால்தான் கடை லெட்டர்பேடில் கையால் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் உன் கம்பெனியில் நாற்பது பேரோடு உன்னையும் வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு வருத்தம்தான் வந்தது. ஆனால் ஜனவரி பிறந்ததும் குடும்பக் குரூப்பில் நீ போட்டாயே ஒரு அறிவிப்பு, வேலை கிடைக்கும்வரை வாரம் ஒரு படம் வரைவேன், பாதியில் விடமாட்டேன், வெள்ளிக்கிழமைதோறும் முடித்து எல்லோருக்கும் காட்டுவேன் என்று, அதைப் படித்தபோது எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வேலை போனவன் வேலை தேடுவானா, படம் போடுவானா? அதையும் ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுச் செய்ய வேண்டுமா? நீ எதைத்தான் முடித்திருக்கிறாய்? கோயில் பாடகர் குழுவுக்கு என்று கீபோர்டு வாங்கினோம், ஆறு மாதம். அஞ்சல் வழிப் படிப்பு சேர்ந்தாய், முதல் வருடத்தோடு சரி. நம் வீட்டு மாடி அறைக்கு நீயே பெயின்ட் அடிக்கிறேன் என்று இரண்டு சுவர் அடித்தாய், மற்ற இரண்டு சுவரும் இன்றுவரை பழைய நிறத்தில்தான் இருக்கின்றன. மூன்றாவது வாரத்தில் இதுவும் நின்றுவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

குரூப்பில் நம் சொந்தக்காரர்கள் செய்த கூத்து அதைவிட அருவருப்பாக இருந்தது. நீ முதல் வாரம் உன் அறையில் இருக்கும் குக்கரை வரைந்து போட்டாய். அதன் கீழே கட்டைவிரலாக வந்து குவிந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவன் ஒருத்தன்கூட இருக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். ஒருவர் அதன் மேலேயே ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அனுப்பினார். இன்னொருத்தி, அவள் பேரை எழுதக்கூட எனக்கு இஷ்டமில்லை, சூப்பர் என்று போட்டுவிட்டு அடுத்த வரியிலேயே வேலை கெடச்சிருச்சா தம்பி என்று கேட்டாள். நலம் விசாரிப்பதுபோல ஊசி ஏற்றுகிறவர்கள். நீ ஒவ்வொருவருக்கும் கை கூப்பிய படம் போட்டு நன்றி சொன்னாய், அதைப் பார்த்துப் போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன். நான் பதினோரு வாரத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அப்பா பார்க்கவே இல்லை என்று நீ நினைத்திருப்பாய். பார்த்தேன். இரண்டு தடவை ஏதோ எழுதவும் எழுதினேன், அழித்துவிட்டேன்.

ஏன் அழித்தேன் என்றால், என் தொழில் அப்படி. இருபத்திரண்டு வருடமாக நான் அச்சடிப்பதெல்லாம் பொய் முகம். காதணி விழா என்றால் கறுத்த பிள்ளையை வெளுக்க வைக்கிறோம், பிறந்தநாள் பேனர் என்றால் மீசை முளைக்காதவன் பக்கத்தில் சிங்கத்தை நிறுத்துகிறோம், கண்ணீர் அஞ்சலி என்றால் செத்தவருக்குப் பத்து வயது குறைத்துக் கோட்டு மாட்டிவிடுகிறோம். முகம் என்றாலே எனக்குச் சலித்துப்போய்விட்டது. நீ ஆறாவது வாரத்திலிருந்து முகங்களை வரைய ஆரம்பித்தாய். உன் வீட்டுக்காரரை, மாடிப்படியில் காய் விற்கும் மராத்தி அம்மாளை, பிறகு நம் லிடியாவை. ஒருவருக்கும் நீ சுருக்கத்தை அழிக்கவில்லை. லிடியாவுக்கு அந்த முன்பல் தெற்றை அப்படியே போட்டிருந்தாய், அவள் உன்னைத் திட்டினாள், நான் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச் பதினான்காம் தேதி பதினோராவது படம் வந்தது. அய்யலூர் ஆட்டுச் சந்தை இஞ்ஞாசி மாமா. வெறும் கரியில் முகம் மட்டும், சுற்றிக் கறுப்புக் கட்டம், கீழே பெயர், முடித்த தேதி, ஓரத்தில் சின்னதாக உன் பெயர். ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கும்போது மாமா இடது கண்ணைச் சுருக்குவாரே, அந்தக் கண். நீ அவரை நேரில் பார்த்து நாலு வருடம் இருக்கும். எப்படி வைத்திருந்தாய் மனதில் என்று தெரியவில்லை.

இனி சொல்லப் போவதுதான் விஷயம். அந்தப் படத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. போனில் பார்த்துக் கண் வலித்தது. கடைக் கம்ப்யூட்டரில் பார்ப்போம், நன்றாக இருந்தால் பெரிய தாளில் ஒரு பிரதி எடுத்து ஈஸ்டருக்கு இஞ்ஞாசி மச்சானிடம் கொடுப்போம் என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை காலையில் தொப்பம்பட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் கடை எண்ணுக்கு அனுப்பினேன். படத்தை மட்டும். ஒரு வார்த்தை எழுதவில்லை. என் மகன் வரைந்தது என்று எழுத மூன்று வார்த்தைதான் ஆகும். எழுதினால் கடையில் டிசைன் செய்கிற பவித்ரா, தம்பி இப்ப எங்க வேல பாக்குறாருங்கய்யா என்று கேட்பாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கடையிலும் கோயிலிலும் நான் உனக்கு வீட்டிலிருந்து வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன் தம்பி. உனக்கு வேலை போனதை மூன்று மாதமாக நான் குடும்பத்துக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உண்மையில் என் மீசையைக் காப்பாற்றத்தான்.

எங்கள் கடை வழக்கம் உனக்கு மறந்திருக்கும். கல்யாணம் காதுகுத்து என்றால் இருபது போட்டோவும் பத்து நிமிடக் குரல் பதிவும் வரும், இந்த மாமா பெயர் மேலே, அந்தச் சித்தப்பா பெயர் கீழே என்று உயிரை எடுப்பார்கள். சாவு என்றால் ஒரு முகம், ஒரு பெயர், ஒரு தேதி. வேறு ஒன்றும் வராது. செத்துப்போனார் என்று எழுத எந்த வீட்டிலும் கை வராது, நாங்களும் கேட்கமாட்டோம், அடித்து வைத்துவிடுவோம். என் படம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. பவித்ரா மெழுகுவர்த்தி, சிலுவை எல்லாம் வைத்து, கண்ணீர் அஞ்சலி என்று மேலே போட்டு, நீ படம் முடித்த தேதியை இறந்த தேதியாக்கி, ஓரத்தில் இருந்த உன் பெயரை அஞ்சலி செலுத்துகிறவர் என்று நினைத்துக் கீழே, கண்ணீருடன் ரொனால்டு, புனே என்று அழகாக எழுதிவிட்டாள். நீ புனேயில் இருப்பது அவளுக்குத் தெரியும். எத்தனை அடிக்கணுங்கய்யா என்று எனக்குக் கேட்டு அனுப்பியிருந்தாள். நான் தொப்பம்பட்டியில் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு போர்டு மாட்டிக்கொண்டிருந்தேன், அந்தப் பள்ளிக்கூடத்து நோட்டீசைக் கேட்கிறாள் என்று நினைத்து, ஐம்பது என்று தட்டிவிட்டேன். போஸ்டர் ஒட்டும் பொம்மையன் தாளைப் பிரித்ததுமே, அய்யோ இது நம்ம ஆட்டுச் சந்த இஞ்ஞாசியண்ணன்ல என்று தலையில் அடித்துக்கொண்டாராம். உன் படம் அவ்வளவு அச்சு. தெரிந்தவர்கள் பார்க்கட்டும் என்று புதன்கிழமையே அய்யலூருக்குப் போய்ச் சந்தைச் சுவர், டீக்கடை, பஸ் நிற்கும் இடம் ஒன்று விடாமல் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார்.

மறுநாள் வியாழன், சந்தை. மாமா ஒரு வாரமாகக் கர்நாடகா பக்கம் ஆடு பிடிக்கப் போயிருந்தவர், விடியும்போது வண்டி நிறைய ஆட்டோடு வந்து இறங்கியிருக்கிறார். டீக்கடையில் ஒருவர் கிளாசைக் கீழே போட்டுவிட்டாராம். மாமா வழக்கமாக ஆடு கட்டும் வேப்பமரத்தடியில் வேறொருத்தன் கயிற்றைக் கட்டி உட்கார்ந்திருக்கிறான். முப்பது வருடம் அவரோடு சேர்ந்து ஆடு பிடித்தவன். போஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்று கூச்சமே இல்லாமல் சொல்லியிருக்கிறான். மாமா உயிரோடு எதிரில் நின்ற பிறகும், இன்னைக்கு ஒரு நாள் இருந்துக்கிறேனே என்று கேட்டானாம். எனக்கு அதைக் கேட்டபோது காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. இதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் மாமா வீட்டுக்குப் போன் செய்து, ஆறு நாள் ஆச்சாமே, எங்களுக்கெல்லாம் சொல்லணும்னு தோணலையா என்று உன் வியாகுலம்மாள் அத்தையிடம் சண்டை போட்டிருக்கிறார். அத்தை அப்படியே சரிந்துவிட்டாள். ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், பயப்படாதே.

பத்து மணிக்கு மாமா கிழித்த போஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். உடம்பெல்லாம் ஆட்டு நாற்றம், கண் சிவந்து கிடந்தது. எந்தப் பய அனுப்புனான் மாப்ள, எனக்குத் தெரிஞ்சாகணும் என்று கத்தினார். பவித்ரா என் முகத்தைப் பார்த்தாள். என் எண்ணிலிருந்து வந்தது அவளுக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? போஸ்டரின் அடியில் விரலை வைத்து, கீழ பாருங்க மச்சான், ரொனால்டு பேரு போட்டிருக்குல்ல என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது பொய் இல்லை என்று அப்போது எனக்குள் ஒரு குரல் சொன்னது, அந்தக் குரலை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது. அதோடு விடவில்லை, கேட்டு அடிக்கத் தெரியாதா என்று எல்லார் முன்னாலும் பவித்ராவையும் பிடித்து ஏசினேன். அந்தப் பெண் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமா அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். ஏலே, வேலவெட்டி இல்லாதவனுக்கு வெளையாட என் சாவுதான் கெடச்சுச்சா என்று ஆரம்பித்து அவர் பேசியதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன். வாடிக்கைக்காரர் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று மாதமாக நான் மூடி வைத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்தில் ஊருக்குத் தெரிந்துபோனது. நீ கடைக்கு எதையும் அனுப்பவில்லை. அது உனக்குத் தெரியும். கடைக்கு யார் அனுப்பியிருப்பார்கள் என்று கண்டுபிடிக்க உனக்கு இரண்டு விநாடி போதும். நீ பதில் சொல்வதற்குள் நான், சொல்லிவிடாதே சொல்லிவிடாதே என்று மனதுக்குள் வேண்டினேன். பெற்ற தகப்பன் வேண்டுகிற வேண்டுதலா அது? நீ, மன்னிச்சிருங்க மாமா, இனிமே படம் எதுவும் போட மாட்டேன் என்று மட்டும் சொன்னாய். மதியத்துக்குள் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டாய். நீ இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் மூடிவிட்டதாக லிடியா சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை படம் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை.

நீ என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததை நான் நன்றியோடு ஏற்றுக்கொள்வேன் என்று நினைத்தாயா? உன் மேல் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யாரப்பா உன்னைக் கேட்டது? என் தப்பை நீ எதற்கு வாங்கித் தலையில் போட்டுக்கொள்கிறாய்? நீ கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். இப்படி வாயை மூடிக்கொண்டதால் நான் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. தவக்காலம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள், அப்பாவுக்கு இந்த வருடம் பக்தி கூடிவிட்டது என்று தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் எல்லோரும் முழந்தாளிட்டபோது என்னால் முடியவில்லை, கால் வலி என்று தூண் பக்கம் நின்றுகொண்டேன். உன் இருபத்தொன்பது வயதில் நீ பாதியில் விடாமல் செய்துகொண்டிருந்தது இது ஒன்றுதான். கீபோர்டையும் படிப்பையும் நீ விட்டாய். இதை நீ விடவில்லை, நான் உன் கையைப் பிடித்து விட வைத்தேன்.

போன வியாழக்கிழமை அய்யலூர் போனேன். பவித்ராவிடம் அதற்கு முந்தின நாளே பேசிவிட்டேன், கடையில் எல்லோரும் இருக்கும்போதே, தப்பு என் பேரில் என்று சொன்னேன், சரிங்கய்யா என்றாள், இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை, பேச வேண்டாம். சந்தையில் மாமா துண்டுக்கு அடியில் விரல் பிடித்து யாருடனோ விலை பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். ஒரு மணி நேரம் ஆட்டுப் புழுக்கைக்கு நடுவில் நின்றேன். வியாபாரம் முடிந்ததும் அங்கேயே, பத்துப் பேர் இருக்க, மச்சான் அதை அனுப்பினது நான்தான், ரொனால்டு இல்லை, எழுத வேண்டியதை எழுதாமல் அனுப்பினேன், அன்றைக்கு உங்களிடம் சொல்லவும் பயந்துவிட்டேன் என்றேன். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்ப அந்தப் பயல நான் பேசுனேனே, அம்புட்டுக்கும் யாரு மாப்ள பதில் சொல்றது என்று கேட்டார். பஸ் ஏறி வந்துவிட்டேன். அவர் உன்னோடு பேசுவார், எப்போது என்று தெரியாது, கூச்சப்படுகிறார். அவர் போன் வந்தால் எடு.

மற்றபடி, உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. காலையில் வேலைக்கு மனுப் போடுவதை நிறுத்தாதே, தினமும் இரண்டு மனுவாவது போடு. மத்தியானத்துக்கு மேல் படம் வரை. ராத்திரி முழுக்க விழித்திருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஓட்டலில் தின்றே காலத்தை ஓட்டாமல் வாரத்தில் நாலு நாளாவது சோறும் ஒரு வெஞ்சனமும் வைத்துச் சாப்பிடு, அம்மா பருப்புப் பொடியும் வத்தலும் இதோடு வைத்திருக்கிறாள். ஈஸ்டருக்கு வர முடிந்தால் வா, வர முடியாவிட்டால் பூசைக்காவது போ. சொந்தக்காரர்களின் கட்டைவிரலுக்கெல்லாம் கை கூப்பிக்கொண்டிருக்காதே. இனி கோயிலிலோ கடையிலோ யார் கேட்டாலும், மகனுக்கு இப்போது வேலை இல்லை, தேடுகிறான், வாரம் ஒரு படம் வரைகிறான் என்றுதான் சொல்வேன். நேற்று அன்பியத்தில் முகமலர்ச்சியோடு விசாரித்த ஒருவரிடம் அப்படியே சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. அவருக்குத்தான் அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை.

லிடியாவிடம் சொல்லி உன்னை மறுபடி குரூப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வருகிற வெள்ளி ஏப்ரல் நாலு. அன்றைக்குப் பன்னிரண்டாவது படம் வர வேண்டும். யாரை வரைவது என்று நீ யோசிக்க வேண்டாம், என்னை வரை. போன வருடம் எடுத்த சிரித்த போட்டோவை வைத்து வரையாதே. போஸ்டரின் அடியில் விரலை வைத்துக்கொண்டு, உன் மாமா உன்னை ஏசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேனே, அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று உனக்கு வரையத் தெரியும், நீ போனில் அந்த ஏச்சைக் கேட்டவன். எதையும் அழகுபடுத்தாதே. கீழே என் பெயரைத் தெளிவாக எழுது. நீ போட்ட அரை மணி நேரத்துக்குள் அதை நானே எல்லோருக்கும் அனுப்புகிறேன், மேலே என் மகன் வரைந்தது என்று எழுதித்தான் அனுப்புவேன்.

மாதா உன்னைக் கூடவே இருந்து காப்பாற்றட்டும். எங்கள் இருவருடைய ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு. பருப்புப் பொடி டப்பாவை ஈரக் கையால் திறக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

உன் அப்பா
ச. அருள்நாதன்